பிலோமினா வீட்டு பல்ப்

உள்ளதை உள்ளபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கம் தருகிற இடங்களையும் விடமாட்டேன்.

மண்ணெண்ணெய்ப் புகை மணம்... எழுபதுகளின் கடைசியில், எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் எங்கள் வீட்டு மாலை நேரம் என்றால் அதுதான். அரிக்கன் லாம்பைப் புத்தகத்துக்குக் கிட்ட இழுத்து இழுத்து, ஒருநாள் முன்மயிரையும் பொசுக்கிக்கொண்டேன்.

அந்த வருடம் வெளிநாட்டுக் கடனில் கடற்கரையில் ஐஸ் தொழிற்சாலை கட்டினார்கள். அதற்கான மின்கம்பி எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால் போகும், வழியில் உள்ள வீடுகளுக்கும் லைட் கிடைக்கும் என்றார்கள். ஆனால் எங்கள் வேலியில் மூன்று பனைகளைத் தறிக்கவேண்டும்.

"கம்பிக்காகப் பனை தறிக்க நான் என்ன விசரனே?" என்றார் அப்பா. "மூண்டும் காய்க்கிற பனை. கம்பி வளைஞ்சு வரட்டும்."

கம்பி வளைந்தது. எங்களை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தில் இருந்த பிலோமினா வீட்டுக்குப் போனது.

வகுப்பில் நான் முதலாம் பிள்ளை, அவள் இரண்டாம் பிள்ளை. பெரிய சோதனை வரப்போகிறது. எனக்கு வயிறு எரிந்தது...

அவளுடைய தாய் மாகிறெற்றக்கா தினமும் காலையில் எங்கள் குசினி வாசலுக்கு மீன் கொண்டுவருவார். அம்மா பதிலுக்கு அரிசியோ, காயவைத்த பனங்கிழங்கு ஒடியலோ கொடுப்பார். ஐஸ் வந்தபின் ஒருநாள் வெறுங்கையோடு வந்தார்.

"இனி ஏலாது அக்கா. றால், நண்டு, விளைமீன் எல்லாம் ஐஸ் பெட்டியில கொழும்புக்குப் போகுது."

"அப்ப நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

"லொறிக்காரனைத்தான் கேக்கவேணும்."

இருவரும் சிரித்தார்கள். அன்று எங்களுக்குக் கத்தரிக்காய்.

லைட்டும் அவர்களுக்கு, மீன் காசும் அவர்களுக்கு! அடுத்த நாள் வகுப்பில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "பிலோமினா, உம்மட கொப்பியில மீன் மணக்குது."

"உம்மட கொப்பியில மண்ணெண்ணெய் மணக்குது" என்றாள். வகுப்பே சிரித்தது.

அவள் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்.

சோதனைக்கு ஒரு கிழமை இருக்க எங்கள் லாம்புக் கண்ணாடி வெடித்தது. கடையிலும் இல்லை. ரோசத்தை விழுங்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன்.

"வாரும்" என்றாள் பிலோமினா. பல்புக்கு நேர்கீழே இருந்த கதிரையை எனக்குத் தள்ளிவிட்டு, தான் சுவரோரம் பாயில் இருந்தாள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். கடற்தொழில் செய்கிற வீட்டில்... தகரத்தில் அடைத்து வருகிற ரின்மீன் கறி!

"என்ன பாக்கிறீர்? எங்கட மீன் கொழும்பில கப்பலேறி வெளிநாட்டு ஆக்களுக்கு. கப்பல்ல வந்த மீன் எங்களுக்கு" என்று சிரித்தாள்.

அந்த ரின்மீனிலும் எனக்குப் பொறாமை வந்தது. எங்கள் வீட்டில் அதுவும் இல்லையே.

படித்து முடிய, "படிச்சது காணும் பிள்ளையள்" என்று மாகிறெற்றக்கா சுவிச்சை அமத்தினார். இருட்டில் பிலோமினா மெதுவாகக் கேட்டாள்:

"உண்மையா மணக்குதோ?"

"இல்லை... நான் பொய் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்."

அந்தச் சோதனையில் அவள்தான் முதலாவது.

இப்போது என் வீட்டில் அறைக்கு மூன்று பல்ப். மீன் ஐஸோடுதான் வருகிறது. லைட் மீதிருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. ஆனால், அந்தக் கதிரையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட்டாளே, அந்த மனத்தின் மீதுள்ள பொறாமை இன்னும் போகவில்லை. எங்கள் வீட்டுக்குக் கம்பி வந்திருந்தால், நான் அவளுக்குக் கதிரை கொடுத்திருக்கமாட்டேன்.

எழுதிவிட்டேன். லைட்டை அணைத்தாயிற்று.