அனுபவம்: இல்லை

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி, மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாயில் குடியேறி ஐந்தாவது வருடம் இது நடந்தது. பிள்ளைகளே, அப்பாமாரும் பிழை விடுவார்கள் என்று நீங்கள் தெரிந்திருப்பது நல்லது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கொழும்பில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடும் ஒரு குழு, ஆறு மாதம் தங்கவைத்து எஞ்சின் வேலை பழக்குவதற்குப் பிள்ளைகளைத் தேடியது. வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எந்தப் பக்கத்துப் பிள்ளையும் வரலாம், பெண்பிள்ளைகள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு மெக்கானிக்கும் உண்டாம். மகள் அந்த அறிவித்தலை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்து வடிவானது. 'அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

ஊர் திரும்பிய நாளிலிருந்து எத்தனை படிவம் நிரப்பியிருப்போம். காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எதுவானாலும், உண்டு என்று எழுதினால் அரசாங்கக் கந்தோரில் அத்தாட்சித் துண்டைக் கேட்பார்கள். துண்டு இல்லையென்றால் இன்னொரு நாள் வரச்சொல்வார்கள். அதனால் துண்டில்லாத எதற்கும் 'இல்லை' என்று எழுத என் கை பழகிவிட்டது. எங்கள் கரையில் எந்தப் படகின் எஞ்சின் நின்றாலும் என் மகளைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு யார் துண்டு தந்தது?

நேர்முகத் தேர்வு மன்னார்ப் பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தயக் குழுவின் தலைமை மெக்கானிக் ஒரு பெண். கொழும்புத் தமிழில் பேசினார். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "அனுபவம் இல்லாத ஆக்களை எடுக்க ஏலாதே தங்கச்சி" என்றார். மகள் தலையைக் குனிந்தாள். விண்ணப்பத்தை மூடப் போனவரின் கண் அவளுடைய விரல்களில் நின்றது.

"நகத்துக்குள்ள என்ன கறுப்பு?"

"எஞ்சின் ஒயில், மிஸ். காலமை ஒரு போட் மெசின் பாத்திட்டு வந்தனான். தேசிக்காய் போட்டுத் தேய்ச்சும் போகேல்ல."

நான் பின்வரிசையில் இருந்து பதறி எழும்பினேன். "அது வேலையில்லை அம்மா. சும்மா செய்யிறவள். துண்டு ஒண்டும் இல்லை."

"துண்டைக் கொண்டுபோய் ரேஸ் பைக்கில ஒட்டவா ஐயா?" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

பிறகு அவர் மகளை முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளுக்குக் கூட்டிப்போனார். அது ஸ்டார்ட் வரும், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். மற்றப் பிள்ளைகள் அதில் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தார்கள். மகள் ஒரு சாமானும் கையில் எடுக்கவில்லை. அது நிற்கும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். நின்றதும் பெற்றோல் டாங்கி மூடியைத் திறந்தாள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியைத் தளர்வாக வைத்து ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் நிற்கவேயில்லை.

"மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு மிஸ். காத்து உள்ள போகாட்டி பெற்றோல் இறங்காது. எங்கட டாங்கியிலயும் அதைத் திறக்க மறந்தா, நடுக்கடலிலதான் மெசின் நிக்கும்."

பிள்ளைகளைச் சோதிக்க அந்த ஓட்டையை மெழுகு வைத்து அடைத்தவரே அவர்தானாம். விண்ணப்பத்தையும் பேனையையும் என்னிடம் நீட்டினார். "ஐயா, வெட்டிப்போட்டு ஒழுங்கா எழுதுங்க."

'இல்லை'யை வெட்டினேன். 'நாலு வருடம். படகு எஞ்சின்' என்று எழுதினேன். அன்று எழுத்து வடிவாக வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது மகள் சொன்னாள், "அப்பா, நீங்களும் மூடியை நல்லா இறுக்கித்தான் வச்சிருந்தனீங்கள்." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறு மாதம் பழகப் போனவளை அந்தக் குழுவே வேலைக்கு வைத்துக்கொண்டது. போன வருடம் பழக வந்த பிள்ளைகளில் ஒருத்திக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவள் இவள்தான்.

இப்போது சின்னவர்களின் படிவம் எது வந்தாலும், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையைத் திறக்கிறேன். பத்திரிகையின் இந்தப் பிள்ளைகள் பகுதிக்கு அனுபவம் எழுதி அனுப்பச் சொன்னபோதும் என் கை முதலில் 'இல்லை' என்றுதான் சொல்லப் பார்த்தது. பிறகு அந்த 'புஸ்' சத்தம் நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டேன்.