பெரியப்பா திரும்பும் வழி

எங்கள் மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் இரண்டு போட்டோக்கள் உண்டு. ஒன்று அப்பாவின் அப்பாவுடையது. அதற்குச் சந்தன மாலை போட்டிருக்கும், கீழே சின்னச் சிவப்பு பல்பு எரியும். மற்றது அப்பாவின் அண்ணாவுடையது. அதில் மாலையும் இல்லை, பல்பும் இல்லை. விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார் பெரியப்பா. நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், இவருக்கு மட்டும் ஏன் மாலை இல்லை என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, "அவர் மிஸ்ஸிங், அதான்" என்றாள்.

மிஸ்ஸிங் என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வருஷம் என் தண்ணீர் பாட்டில் மிஸ்ஸிங் ஆகி, பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியிலிருந்து மறு வாரம் கிடைத்திருந்தது. ஆகவே பெரியப்பாவும் கிடைத்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இத்தனை தாமதம் ஏன் என்பதுதான் புரியவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, எழுபத்தொன்றாம் வருஷப் போரில், குண்டு போடப் போன விமானத்தில் போனவர் அவர். விமானத்தை ஓட்டுவது வேறொருவர். பெரியப்பா நேவிகேட்டர். மேப்பைப் பார்த்து வழி சொல்வதுதான் அவருடைய வேலை என்று அப்பா சொல்லியிருந்தார்.

பெரியம்மா எங்களோடுதான் இருந்தாள். காலையில் பளிச்சென்று குங்குமம் வைத்துக்கொண்டு, டிபன் டப்பாவோடு ரயிலேறி வி.டி. ஸ்டேஷனில் இருந்த ரயில்வே ஆபீசுக்குப் போவாள். அவளுக்கும் அப்பாவுக்கும் எந்தச் சண்டையும் கிடையாது, வருஷத்துக்கு ஒருமுறை வருவதைத் தவிர. அண்ணாவுக்குப் பிள்ளை இல்லை, தம்பியான நானாவது காரியத்தைச் செய்துவிட வேண்டாமா, புரோகிதம் பண்ணும் வாத்தியாரே உடல் இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருவம் செய்து நடத்தலாம் என்று சொல்கிறாரே என்று அப்பா ஆரம்பிப்பார். பெரியம்மா புடவையை மடித்தபடியே ஒரே பதிலைச் சொல்வாள்.

"யாராவது பாத்தாளா? பாத்தவாளை அழைச்சுண்டு வா. ஒத்துக்கறேன்."

அப்படி ஒருவரை அப்பா நிஜமாகவே அழைத்து வந்துவிட்டார். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவர் முன்பு விமானப்படையில் இருந்தவராம். இப்போது செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எந்த ஊர், எந்தத் தளம் என்று பேச்சு நீண்டபோது, அன்றைக்குப் பெரியப்பாவின் விமானத்துக்கு முன்னால் போன விமானத்தில் இவர்தான் நேவிகேட்டர் என்று தெரிந்திருக்கிறது. அப்பா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், உயரமானவர். எங்கள் நாற்காலியில் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா காபியோடு வந்ததும் எழுந்து நின்று, "பாபி" என்றார். மாட்டுங்காவில் பெரியம்மாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. விமானப்படையில் நண்பனின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பெரியம்மா டபராவை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அப்பா நேரே விஷயத்துக்கு வந்தார். மன்னிக்குத் தெரிந்தாக வேண்டும், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். வந்தவர் காபியைக் கீழே வைத்தார்.

"நான் பாக்கலை பாபி. பொய் சொல்ல மாட்டேன். அவங்க எங்களுக்குப் பின்னால வந்தாங்க. நல்ல இருட்டு, கீழே கடல். நாங்க வந்து இறங்கிட்டோம். அவங்க வரலை."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்க இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது.

"பெரியப்பாதானே வழி சொல்றவர்? அவருக்கே எப்படி வழி தப்பிப் போச்சு?"

அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வந்தவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். பிறகு எனக்குத்தான் பதில் சொன்னார், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"வழி தப்பலைம்மா. போக வேண்டிய இடத்துக்கு அவன் சரியாத்தான் கொண்டுபோனான். போறப்ப ரேடியோல யாரும் பேசக் கூடாது. வேலை முடிஞ்சு திரும்பறப்ப மட்டும் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். திரும்பிட்டோம்னு அதுக்கு அர்த்தம். அந்த வார்த்தை வந்தது. வழக்கமா பைலட்தான் சொல்லணும். அன்னிக்கு பைலட் பேசலை, உன் பெரியப்பாதான் பேசினது. அவன் குரல் எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் அந்த விமானத்துலருந்து ஒண்ணும் வரலை."

பெரியம்மா முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"குரல் எப்படி இருந்தது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சாதாரணமா இருந்தது பாபி. ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பறவன் மாதிரி."

இதையெல்லாம் அன்றைக்கே மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டதாகவும், வீட்டுக்கும் சொல்லியிருப்பார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்ததாகவும் அவர் சொன்னார். வீட்டுக்கு வந்த தந்தியில் 'காணவில்லை' என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது என்று அப்பா சொன்னதும், அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போய், சூடாக வேறு கலந்து வந்தாள். அவருக்கு எத்தனை குழந்தைகள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தாள். வாசல் வரை போய் வழியனுப்பினாள்.

அன்று வீட்டில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான். பெரியப்பாவுக்கு வழி தப்பவில்லை, அவர் திரும்பிவிட்டார், அதை அவர் வாயாலேயே சொல்லியும் விட்டார். எதிர்வீட்டுச் சிநேகிதியிடம் சாயங்காலமே போய்ச் சொன்னேன். கடல் பெரிசு, அதனால் நாளாகும் என்று அவளுக்கு விளக்கவும் செய்தேன்.

மறுநாள் காலை பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம், "பாத்தவா இல்லேன்னாலும் கேட்டவர் வந்துட்டார். வாத்தியார்கிட்ட நாள் கேட்டுடு" என்றாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு நாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

அந்த நாளும் வந்தது. வாத்தியார் உள்ளே தர்ப்பையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலில் இருந்ததால் நானே தீபாவளிப் பட்டுப் பாவாடையை எடுத்து உடுத்திக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கீழே சாலையில் வரும் ஒவ்வொரு டாக்ஸியும் பெரியப்பாவோடு எங்கள் வாசலில் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்து பக்கத்தில் நின்றாள். இன்றைக்குப் பட்டுப் பாவாடை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவிழ்ந்திருந்த என் ரிப்பனை மெதுவாகக் கட்டிவிட்டாள். உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டும் அவள் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளும் டாக்ஸியைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.