பாறை விளிம்பில் என் கால் மண்

மழை பெய்துவிட்டால் எங்கள் ஊரில் எங்கே போய் வந்தோம் என்பதை யாரும் மறைக்க முடியாது. கரிசல் காலோடு கூடவே வந்துவிடும். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் அப்பிக்கொள்ளும். செருப்புப் போட்டுப் போனால் செருப்பு சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வரும். அதனால் மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் வெறுங்காலோடு புஞ்சையைத் தாண்டி, முதல் பாறை வந்ததும் அதன் விளிம்பில் காலை வழித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். வழிக்காமல் ஏறினால் வழுக்கும். வழித்துப் போட்ட அந்த மண்ணைப் பார்த்தே யார் ஏறினது, எப்போது ஏறினது என்று நான் சொல்லிவிடுவேன். ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் இதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்காகத்தான் தேடுகிற குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறுக்கு பஸ்ஸில் போனால் இடது கைப் பக்கம் எங்கள் மலை தெரியும். உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. பௌர்ணமிக்கு வெளியூர்க்காரர்கள் ஏறுவார்கள். வழி தவறுவார்கள், காலை ஒடித்துக்கொண்டு கிடப்பார்கள். அப்படிக் கிடக்கிறவர்களைத் தேடிக் கொண்டுவரக் கோவில்பட்டியில் சில பேர் சேர்ந்தார்கள். எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் அதற்குத் தலைவர். போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர், ரயில்வேயில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ரெண்டு பேர், இன்னும் சிலர். யாருக்கும் கூலி கிடையாது. கயிறும் ஸ்ட்ரெச்சரும் அவர்கள் கொண்டுவருவார்கள். வழி நான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் விறகும் புல்லும் அறுத்துச் சுமந்த மலை. என் கால் படாத பாறை அதில் இல்லை.

எனக்கு ஒரு ஆரஞ்சுக் கலர் சட்டையும் கழுத்தில் மாட்ட ஒரு விசிலும் கொடுத்தார்கள். சேலைக்கு மேலே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஊரே பார்க்கும். பார்க்கட்டும் என்றுதான் நிற்பேன்.

தலைவர் அண்ணாச்சி முதல் நாளே ரெண்டு விஷயம் சொன்னார். குழு வந்து சேர்வதற்கு முன்னால் யாரும் மலையில் ஏறக் கூடாது, தடம் கலைந்துவிடும். ரெண்டாவது, ஒரு இடத்தில் நின்று கூப்பிட்டால் நூறு எண்ணுகிற வரைக்கும் அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். அடிபட்டுக் கிடக்கிறவர்கள் மூச்சைச் சேர்த்துப் பதில் சொல்ல அவ்வளவு நேரமாவது ஆகும். இந்த ரெண்டையும் மற்றவர்கள் மறந்தாலும் நான் மறக்கவிட மாட்டேன். யாராவது எழுபதிலேயே காலை எடுத்தால் சத்தம் போடுவேன்.

“பெரியம்மா, மூச்சாவது விடலாமா?” என்று ஸ்டுடியோக்காரர் கேட்பார்.

“மெல்ல விடும்யா” என்பேன்.

என் பக்கத்து வீட்டுக்காரிக்கு முறைக்கு நான் மதினியாக வேண்டும். என்னைவிட நாலு வயசு இளையவள். புருஷன் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிற மகனும் பன்னிரண்டு வெள்ளாடும்தான் அவளுக்கு. நான் சட்டையை மாட்டும்போதெல்லாம், “என்ன மதினி, மலையக் காவக்காக்கக் கெளம்பிட்டியளா? யாரும் தூக்கிட்டுப் போயிரப் போறாங்க” என்பாள். “ஒன்னைத் தூக்குறதுக்குத்தான்ட்டி ஸ்ட்ரெச்சர் வாங்கி வச்சிருக்கு” என்பேன். சிரித்துக்கொண்டே சொன்னதுதான். இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

போன ஐப்பசியில் நடந்தது இது. புஞ்சையில் உளுந்தும் மக்காச்சோளமும் நிற்கிற காலம். ஆட்டைப் புஞ்சைக் காட்டுப் பக்கம் விட முடியாது, மலைக்குத்தான் பத்த வேண்டும். அவள் தினமும் ஊருணியை ஒட்டிய கிழக்குப் பாதையில்தான் பத்திக்கொண்டு போவாள். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆடுகள் மட்டும் திரும்பி வந்தன. அவள் வரவில்லை. மகன் எட்டயபுரத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். நான்தான் ஆடுகளைப் பிடித்துக் கட்டினேன். பதினொன்றுதான் இருந்தன. அவற்றின் வயிற்றில் சேறு ஒட்டியிருந்தது, சிவப்பாக. கையால் தடவிப் பார்த்தேன். மனசு வேறெங்கோ இருந்ததால் அதை யோசிக்கவில்லை.

மகன் வந்ததும் தலைவர் அண்ணாச்சிக்குப் போன் போட்டான். மழை வலுத்துவிட்டது. இருட்டில் அந்தப் பாறையில் ஆளை ஏற்றினால் தேட வந்தவர்களைத் தேட வேண்டிவரும் என்றார். ஃபயர் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்டார். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“பெரியம்மா, விடிஞ்சதும் வந்திருதோம். அதுவரைக்கும் ஒருத்தரும் ஏறிராம நீங்கதான் பாத்துக்கிடணும்.”

“நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி.”

கோழி கூப்பிடுகிற நேரத்தில் மழை நின்றது. வெளுக்க ஆரம்பித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. இத்தனை வருஷம் பழகின மலை, அதில் ஒருத்தி கிடக்கிறாள், நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்கிறேன். எனக்கு எதற்குக் குழு என்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் ஊருணிப் பக்கம் நடந்தேன். ரெண்டு காலிலும் கரிசல். முதல் பாறையில் வழித்துப் போட்டுவிட்டு மேலே இருக்கிற திட்டுக்கு ஏறினேன். வாயில் கையைக் குவித்து, “ஏட்டீ...” என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டு முடிக்கும்போதே ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. குழுவாகத்தான் இருக்கும். என்னை மலையில் பார்த்துவிடக் கூடாது என்று சரளைக் கல் சறுக்கச் சறுக்க இறங்கி ஓடினேன். ஊருணியில் காலைக் கழுவினேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அது பால் வண்டி. குழு வர இன்னும் கால் மணி நேரம் ஆனது.

தலைவர் அண்ணாச்சி இறங்கியதும் கேட்டார். “யாரும் ஏறலைல்லா பெரியம்மா?”

“நான் இருக்கும்போது எவன் ஏறிருவான்?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கிழக்குப் பாதையிலிருந்து தொடங்கினார்கள். ஸ்டுடியோக்காரர்தான் முதலில் பார்த்தார். “அண்ணாச்சி, இங்கன வாங்க! காலை வழிச்சிட்டு ஏறியிருக்காவ!” போனை எடுத்து போட்டோவும் பிடித்தார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்து பார்த்தேன். என் கால் மண். என் இடது குதிகாலில் குறுக்கே ஒரு வெடிப்பு உண்டு. அந்த வெடிப்பு மண்ணில் அச்சாக இருந்தது.

ரயில்வேக்காரர் மட்டும் சந்தேகப்பட்டார். “ராத்திரி பூரா பேஞ்சிருக்கு. இந்த மண்ணு கரையாம எப்படிக் கெடக்கும்?”

“பாறைக்கு அடியில ஒதுங்கிக் கெடக்குல்லா, நனைஞ்சிருக்காது” என்றார் ஸ்டுடியோக்காரர்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததையே அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கிழக்குப் பக்கமாகவே ஏறினோம். ஒவ்வொரு திட்டிலும் நின்று கூப்பிட்டோம். நூறு எண்ணினோம். ஒவ்வொரு நூறிலும் இப்போது சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். எண்ணி முடித்ததும் காலை எடுத்து வைத்துவிடுவேன். வெயில் வந்துவிட்டது. ரெண்டு மணி நேரம் போயிருக்கும். அவள் மகனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துவிட்டது. “எம்மா” என்கிறான், காற்றுதான் வருகிறது. அப்போதுதான் அந்தச் சிவப்புச் சேறு ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பூமி முழுக்கக் கறுப்பு. செம்மண் இருப்பது மலைக்கு மேற்கே, ஓடைச் சரிவில் மட்டும்தான்.

“மேக்க போவோம் அண்ணாச்சி” என்றேன். “ஆட்டு வயித்துல செம்மண்ணு இருந்துச்சு. அது ஓடைச் சரிவு மண்ணு.”

“அப்போ இந்தத் தடம்?”

“அது பழசா இருக்கும்.”

அப்போதும் நான் சொல்லவில்லை. “பெரியம்மா கண்ணுக்குத் தப்புமா?” என்று ஸ்டுடியோக்காரர் மெச்சிக்கொண்டார். மொட்டைப் பாறை முதுகைத் தாண்டி மேற்கே இறங்கினோம்.

ஓடைச் சரிவில் ரெண்டு பாறைக்கு நடுவே கிடந்தாள். ஓடிப்போன குட்டியைத் தேடி இறங்கியிருக்கிறாள். கல் உருண்டு வலது கால் மேல் உட்கார்ந்துவிட்டது. குட்டி அவள் பக்கத்திலேயே படுத்திருந்தது. உதடு வெடித்து, முகம் சாம்பல் நிறமாகக் கிடந்தாள். உயிர் இருந்தது. மகனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“காலையில கூப்பிட்டீங்களே மதினி. நானும் பதிலுக்கு ‘ஏன்’னு ஏங்குனேனே. ஒங்களுக்குக் கேக்கலையா?”

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த தலைவர் அண்ணாச்சி அப்படியே நின்றார்.

“காலையிலயா பெரியம்மா?”

“ஆமா.”

“எங்கன இருந்து?”

“கெழக்குத் திட்டுல இருந்து.”

ஸ்டுடியோக்காரர் தன் போனைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். தலைவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “கயித்தப் போடுங்கய்யா” என்றார். கீழே ஃபயர் வண்டி வந்துவிட்டது. அந்த ஆட்களும் சேர்ந்து கல்லை நெம்பினார்கள். ஸ்ட்ரெச்சரில் வைத்து இறக்குகிற வரைக்கும் யாரும் என்னிடம் வழி கேட்கவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமா என்று அவள் மகன் டாக்டரிடம் கேட்டான். நானும் கூட நின்றேன். “ராத்திரியே ரத்த ஓட்டம் நின்னிருக்கும்பா. உறுதியாச் சொல்ல முடியாது” என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை நான் இன்றைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

சட்டையையும் விசிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தலைவர் அண்ணாச்சி கடைக்குப் போனேன். பல்பை மாட்டி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இதக் குடுத்துட்டா மலைக்கு வழி யாரு சொல்லுவா?” என்றார். “வச்சுக்கிடுங்க. ஆனா ஒண்ணு. இனிமே ஏறுறதுக்கு முன்னால நான் ஒங்ககிட்டக் கேப்பேன்.”

கேட்கிறார். அதற்கப்புறம் ரெண்டு தடவை தேடப் போயிருக்கிறோம். அத்தனை பேருக்கும் முன்னால் முதல் கேள்வி எனக்குத்தான். “பெரியம்மா, நீங்க ஏறுனியளா?” யாரும் சிரிப்பதில்லை. “இல்ல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ரெண்டு உள்ளங்காலையும் திருப்பிக் காட்டுவேன். காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. அது நானாகச் செய்வது.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஆடுகளை நான்தான் பத்திக்கொண்டு போகிறேன். சாயங்காலம் கட்டிவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். நாலு நாளைக்கு ஒரு தரம் அதே கேள்வியைக் கேட்பாள். “நான் ஏங்குனேனே மதினி. நெசமாவே கேக்கலையா?” “கேக்கலட்டி” என்பேன். பொய்யில்லை, கேட்கவில்லைதான். ஆனால் அவள் குரல் எனக்கு எட்டியிருக்குமா, எட்டியிருக்காதா என்று ராவும் பகலும் அரித்தது.

தை பிறந்து பனி குறைந்த ஒரு விடிகாலையில் என் மருமகளைக் கிழக்குத் திட்டுக்கு அனுப்பினேன். மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, நூறு எண்ணுகிறவரை நின்று கேட்டுவிட்டு இறங்கு என்றேன். நான் மேற்கே போய் அந்தப் பாறை இடுக்கில் அவள் கிடந்த மாதிரியே படுத்தேன். மருமகள் குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. மூச்சைச் சேர்க்க ஆகிற நேரம் விட்டு, ஒரே ஒரு தடவை பதில் கொடுத்தேன். அடிபட்டவள் கொடுக்கிற மாதிரி, பெலனில்லாமல்.

அடிவாரத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு அத்தை. ரொம்ப லேசா. அறுவதோ எழுவதோ எண்ணும்போது. அசைஞ்சிருந்தா கேட்டிருக்காது. எதுக்கு அத்தை இது?”

ஆட்டைப் பத்தவும் மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அவளிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ ஏங்குனது எனக்கு எட்டுத தூரந்தான்ட்டி. நான் நிக்கல. கூப்பிட்டுட்டு எறங்கி ஓடிட்டேன்.”

அவள் கை நின்றது. “எத்தன எண்ணுனீங்க?”

“ஒண்ணுகூட எண்ணல.”

முறத்திலிருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். கையை நீட்டினாள்.

“அந்த விசில இங்க குடுங்க.”

கழற்றிக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தலைவர் அண்ணாச்சியிடம் நான் இன்னொரு விசில் கேட்கவில்லை.

இப்போது அவள் நினைத்த நேரம் ஊதுகிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் ஊதுவாள். கோழி உளுந்தைக் கொத்த வந்தால் ஊதுவாள். சில சமயம் ஒன்றுமில்லாமலும் ஊதுவாள். எங்கே இருந்தாலும் நான் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது நடுத்தெருவில் நிற்பேன். பின்னால் வருகிற பெண்கள் சிரித்துக்கொண்டே விலகிப் போவார்கள். தண்ணீர் தளும்பிச் சேலையில் ஊற்றும். நான் எண்ணிக்கொண்டிருப்பேன். நூறு ஆனதும்தான் அடுத்த எட்டு வைப்பேன்.