விகாரை வாசலில் அம்மா

லண்டனில் எங்கள் பிளேஸ்டோப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஸ்பெயினுக்கும் துருக்கிக்கும் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்த வருடம், நாங்கள் திபெத்தியர்கள் வாழும் ஒரு மலை ஊருக்குப் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா சீனாவில் பாலம் கட்டும் கொம்பனி ஒன்றில் எஞ்சினியராக இருந்தார். "ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை, முகில் உங்கட காலடியில நிக்கும்" என்று போனில் சொன்னார். அப்பாவுக்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

அந்த ஊரில் பார்க்க இருப்பவை புத்த விகாரைகள்தான் என்பதை, விமானம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அப்பா அம்மாவிடம் சொன்னார். இனி அம்மாவால் இறங்கிப் போகமுடியாது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் போலும்.

"இஞ்சேரும், இது வேற ஆக்கள். உடுப்பின்ர நிறமே வேற" என்றார்.

அம்மா "ஓம்" என்று மட்டும் சொல்லி, இறுகியிருந்த சீட் பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்து இறுக்கிக்கொண்டார்.

சித்தப்பாவின் ஜீப்பில் மலைக்குமேல் மலையாக ஏறினோம். ஊர் என்பது ஒரேயொரு தெரு. அதில் மோட்டார் சைக்கிள்களும் மாடுகளும் சமமான உரிமையோடு போய் வந்தன. மாடுகளும் நம்முடையவை போலில்லை, கம்பளி போர்த்தவை. எங்கு பார்த்தாலும் கடுஞ்சிவப்பு உடுப்பில் பிக்குகள். கடையில் பிஸ்கட் வாங்கினார்கள், கைபேசியில் சத்தமாகச் சிரித்தார்கள். தெருவோரத்து முதல் விகாரைக்கு நாங்கள் இறங்கியபோது, "தலையிடிக்குது, நீங்கள் போட்டு வாங்கோ" என்று அம்மா ஜீப்பிலேயே இருந்துவிட்டார். அந்த உயரத்தில் எல்லோருக்கும் தலை இடித்தது. ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் குன்றின்மேல் இருந்த பெரிய விகாரைக்குப் போனோம். அம்மாவுக்கு அன்றும் தலையிடி. வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, நீளமான கல்படிகளில் நாங்கள் மூவரும் ஏறினோம். "ஓடாதை, மூச்சு வாங்கும்" என்று அப்பா பின்னாலிருந்து கத்தக் கத்த நான் ஓடினேன். மேலே மண்டபத்துக்குள் வெண்ணெய் விளக்குகள் எரிந்தன. பிக்குகள் ஓதிய குரல் நிலத்துக்கடியிலிருந்து வருவதுபோல என் உள்ளங்காலில் அதிர்ந்தது. தூணில் சாய்ந்தது ஞாபகம். பிறகு ஒன்றுமில்லை.

கண் விழித்தபோது யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் முரட்டுச் சிவப்புத் துணி உரசியது. புகையும் வெண்ணெயும் கலந்த மணம். மயங்கிக் கிடந்த என்னை ஒரு பிக்கு இரண்டு கைகளிலும் ஏந்திப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் காற்று பழக்கம். அப்பாவும் சித்தப்பாவும் மூச்சு வாங்கி வெகுதூரம் பின்தங்கிவிட்டார்கள். ஆகவே ஜீப்புக்குள் இருந்த அம்மா கண்டது பிக்குவையும், அவர் கையில் தொங்கிய என்னையும் மட்டும்தான்.

அம்மா கத்தினார். அப்படியொரு சத்தத்தை நான் அவரிடமிருந்து அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. லண்டனில் பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே 'சொறி' சொல்லும் அம்மா, ஓடிவந்து அந்த மனிதரின் முகத்தில் கையால் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். அவர் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. என்னைக் கீழே போட்டுவிடக் கூடாதென்று அவர் தடுக்காமல் நின்றார். என் அம்மாவைப் பார்த்தே எனக்குப் பயம் பிடித்தது.

பிறகு அம்மா சட்டென்று அவர் காலில் விழுந்தார். அங்கியின் கீழே அவர் போட்டிருந்த விளையாட்டுச் சப்பாத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் வேகமாகக் கெஞ்சினார். அதில் எனக்கு விளங்கியது ஒரு சொல்தான். மல்லி. திரும்பத் திரும்ப மல்லி, மல்லி.

எங்கள் வீட்டில் தடிமன், காய்ச்சல் எது வந்தாலும் மல்லி அவித்த தண்ணிதான் மருந்து. இவ்வளவு தூரம் வந்து, ஒரு பிக்குவின் காலில் விழுந்து, அம்மா எனக்காக மல்லி கேட்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா வந்து அம்மாவைத் தூக்கினார். "எழும்பும். இஞ்ச பாரும், பிள்ளை இருக்கு. பிள்ளை எங்களிட்டத்தான் இருக்கு" என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். சித்தப்பா ஒக்சிஜன் டின்னை என் மூக்கில் வைத்தார். பிக்கு என்னைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு, மூக்கைத் துணியால் துடைத்தபடி படியேறிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒரு சுடுதண்ணிப் போத்தலோடும் மரக் கிண்ணத்தோடும் திரும்பி வந்து, ஆவி பறக்கும் தேநீரை ஊற்றி இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா அதை உடனே வாங்கவில்லை. வீங்கத் தொடங்கியிருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாங்கினார். பாதி கீழே சிந்தியது. மீதியை எனக்குப் பருக்கினார்.

ஒரு மிடறு குடித்துத் துப்பினேன். "உப்பும் வெண்ணெயும்தான் அம்மா இருக்கு. அவர் மல்லி போடேல்ல."

சித்தப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

சிறுவயதில் கண்டியில் வளர்ந்த அம்மாவுக்குச் சிங்களம் தெரியும் என்றோ, அந்த மொழியில் மல்லி என்றால் தம்பி என்றோ எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன், வவுனியாவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அம்மாவின் தம்பியை இறக்கியதையும், முன் சீட்டில் இருந்த பிக்குவின் காலில் விழுந்து 'என்ர தம்பியை விடச் சொல்லுங்கோ' என்று அம்மா சிங்களத்தில் கெஞ்சியதையும், அவர் வாய் திறக்காமல் இருந்ததையும் அப்பா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான். அந்த மாமா திரும்பி வரவேயில்லை.

அன்றைக்கு அம்மா என் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "அவரிட்ட மல்லி இல்லையாம் பிள்ளை" என்றார்.

"பரவாயில்லை அம்மா, லண்டனுக்குப் போய் வாங்குவம்" என்று நான் அவரைத் தேற்றினேன்.