உத்தரத்தில் படர்ந்த வெள்ளை

ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த மருதங்கிளையில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. "சுண்ணாம்பு தெறிச்சிருக்கு டீச்சர்" என்றாள் என் மாணவி. நகத்தால் சுரண்டினேன். மெல்லிய தோலாக உரிந்து வந்தது. பட்ட மரத்தைத் தின்னும் பூஞ்சை. எந்த இனம் என்பதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நகத்தில் ஒட்டிய ஈர வாடை என்னை ஏரலில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்குக் கொண்டுபோனது. அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் எல்லோரும் படுக்கும் அறையின் உத்தரத்தில் இதே வெள்ளை இருந்தது. வெள்ளையடித்தபோது பட்டது என்றார் அப்பா. அம்மா பெஞ்சில் ஏறிச் சுரண்டிப் பார்த்தாள்.

"சுண்ணாம்புன்னா தூளா உதிரும். இது தோலால்லா உரியுது. உள்ள மரம் உளுத்துப் போச்சு. பிள்ளைக இனிமே இங்கன படுக்க வேண்டாம்."

"ஒனக்கு எதைக் கண்டாலும் பயந்தாம்" என்று அப்பா சிரித்தார்.

அம்மா எங்களை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். அப்பா மட்டும் தன் கட்டிலை விட்டு நகரவில்லை.

நான்காம் நாள் காலை அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது, உத்தரம் முறிந்து ஓடுகளோடு விழுந்தது. ஈரத்துண்டோடு வந்தவர் நசுங்கிய கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் வந்த தச்சர், புது உத்தரத்துக்கு என்ன மரம் போடலாம் என்று அப்பாவிடம் கேட்டார்.

"அவகிட்ட கேளுங்க அண்ணாச்சி" என்றார் அப்பா. "அவ சொல்லுத மரத்தைப் போடுங்க."