தாள் இருக்கா?

டானெக் விடுதியில் சாப்பாட்டுப் பட்டியலைக் கையில் எடுத்தால் பசுக்களின் பெயர் தெரிந்துவிடும். வெண்ணெய் ப்ளூமாவும் கெம்ஸும் கொடுத்தது. தயிர் கிழட்டு ஷெக்கினுடையது. தேன் எந்தச் சரிவில் இருந்த பெட்டி, ஆப்பிள் எந்த வரிசை மரம், மெத்தைக்குள் இருக்கும் கம்பளி எந்த ஆட்டின் முதுகு என்பது வரைக்கும் எழுதியிருக்கும். ரொட்டிக்கு மட்டும் "எங்கள் அடுப்பிலிருந்து" என்று போட்டிருக்கும். அந்த அடுப்புக்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷம் நின்றவள் நோட்புர்கா. ஊரில் எல்லோருக்கும் புர்கல்.

நோட்புர்கா என்பது வேலைக்காரிகளுக்குக் காவலான புனிதையின் பெயர். "பேரு வைக்கும்போதே அப்பா யோசிச்சுத்தான் வச்சிருக்காரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

விடுதி நடக்கும் டானெக், அந்த மலை வழக்கப்படி துண்டு போட முடியாத பண்ணை. வீடு, தொழுவம், புல்வெளி, காடு எல்லாம் ஒரே ஒரு பிள்ளைக்குப் போகும், மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். விலகுகிறவர்கள் என்றே அவர்களுக்குப் பெயர். புர்கல் மூத்தவள். ஆனாலும் மூன்று வயது இளையவனான எங்கெல்பெர்ட்டுக்குத்தான் பண்ணை என்பதில் வீட்டில் யாருக்கும், அவளுக்கும்கூட, சந்தேகம் வந்ததில்லை. அப்பா கடைசியாக எழுந்து நடமாடிய குளிர்காலத்தில், ஒருநாள் மதியம், பார்லி சூப் ஆறிக்கொண்டிருக்க, மேசைக்கு மேலாக அவளிடம் கையை நீட்டினார்.

"கல்யாணம் ஆகாம இருக்கிறவரைக்கும் தெற்கு மூலை ரூம் உனக்கு, புர்கல். யாரும் உன்னைக் கிளப்ப முடியாது."

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். எங்கெல்பெர்ட் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டுக்கொண்டிருந்தான்.

தெற்கு மூலை அறையில்தான் அவள் பிறந்தாள். சுவர், கூரை, கட்டில் எல்லாம் மலைப் பைன் பலகை. அடுப்பறைக்கு நேர் மேலே இருந்ததால் ஜனவரியிலும் தரை வெதுவெதுப்பாக இருக்கும். கீழே மெரான் நகரத்தில் பால் கூடத்தில் வேலை பார்த்த ஒருவன் இரண்டு வருஷம் அவளைக் கேட்டுப் பார்த்தான். கீழே போனால் அறை போய்விடும் என்பது அவள் சொன்ன காரணங்களில் ஒன்று. உண்மையான காரணம், அப்போதுதான் அவள் டானெக்கைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு டானெக்கில் எட்டு அறைகள். எங்கெல்பெர்ட் புல்வெளிக்குக் களைக்கொல்லி அடிப்பான். அவள் அந்தப் புல்லை வாரிப் போடுவாள். கை முழங்கை வரை வெடித்துப் புண்ணாகும். மருந்துக்காரர் களிம்பு கொடுத்தார். களிம்பைத் தடவிக்கொண்டே அவள் களைக்கொல்லி டப்பாவில் பொடியெழுத்தில் இருந்ததை எல்லாம் படித்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் இறங்கிப் போய், இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுத்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஊரில் அவளுக்குக் களைராணி என்று பட்டம் கட்டினார்கள்.

"விருந்தாளி புல்லு திங்கவா மலை ஏறி வர்றான்?" என்றான் எங்கெல்பெர்ட்.

"நீ அடிக்கிற மருந்தைத் திங்கவும் வரல" என்றாள்.

மூன்று வருஷம் அவன் எதிர்த்தான். நான்காம் வருஷம் விருந்தாளிகள் மருந்து படாத சாப்பாட்டுக்காகவே வரத் தொடங்கியதும் எதிர்ப்பு நின்றது. பிறகு போட்ஸன் நகரத்தில் மேடை ஏறி, "எங்க வீட்டுல எதையும் தூக்கிப் போடறதில்ல" என்று பேசும் அளவுக்கு வந்துவிட்டான். பேச்சை அவள்தான் சரி பார்த்துக் கொடுப்பாள்.

புர்கலுக்கு ஒரே சட்டம். எங்கிருந்து வந்தது என்று சொல்லும் தாள் இல்லாத பொருள் சமையலறைக்குள் வராது. வந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவாள். பக்க எண்ணையும் தானே போட்டுக்கொள்வாள்.

எங்கெல்பெர்ட்டின் மனைவி ரோஸ்விதா வந்த இரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு அவளுடைய அம்மா ஒரு கூடை நிறைய வண்ண முட்டை கொண்டுவந்தாள். வெங்காயத் தோல் போட்டு அவித்து, ஒவ்வொன்றிலும் ஒரு இலையைப் பதித்த நாற்பது முட்டைகள். புர்கல் சமையலறை வாசலில் மறித்துக்கொண்டாள்.

"கோழிக்கு என்ன தீவனம் போடறீங்க?"

"நான் திங்கிறதுல மிச்சம். அதுக்கும் மேல ஒரு மூட்டை வாங்கறோம்."

"மூட்டைக்குத் தாள் இருக்கா?"

கிழவி மகளைப் பார்த்தாள். "என்னடி, உன் நாத்தனார் முட்டைக்கு ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேக்கறா?"

கூடை தொழுவத்துத் திண்டிலேயே இருந்தது. மாலைக்குள் நாய் பாதியைத் தின்றுவிட்டது. ரோஸ்விதா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு வருஷம் பேசவில்லை.

எட்டு அறை இருபத்தாறாயிற்று. அதற்கு மேல் கூடாது என்று நின்றவளும் புர்கல்தான். வாசலில் ஒரு பலகை அடிக்க வைத்தாள்: "இந்த வீடு இனி ஒரு அடி புல்வெளியையும் தின்னாது." விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

போன செப்டம்பரில், புல் அறுப்பு முடிந்த பிறகு, எங்கெல்பெர்ட்டின் மகன் ஃபாபியான் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தான். படித்துவிட்டு வந்தவன், நல்ல பையன், பேசும்போது எல்லோருடைய முகத்தையும் சமமாகப் பார்ப்பான்.

"அத்தை, புதுசா கட்ட முடியாது. பலகையில நீங்களே எழுதிட்டீங்க. அதனால உள்ள இருக்கிறதை வச்சுத்தான் பண்ணணும். பழைய பைன் ரூம்னா ஜனங்க உயிரை விடறாங்க. நம்மகிட்ட அப்படி ஒண்ணுதான் இருக்கு."

புர்கல் வரைபடத்தைப் பார்த்தாள். தெற்கு மூலையில் அவளுடைய கட்டில் இருக்கும் இடத்தில் குளியல் தொட்டி போட்டிருந்தது.

"அங்க நான் இருக்கேன்" என்றாள்.

"உங்களுக்கு ஊருக்குள்ள, தீயணைப்புக் கூடத்துக்கு மேல வீடு பாத்தாச்சு. பஸ் வாசல்லயே நிக்கும். லிப்ட் இருக்கு."

"எனக்கு லிப்ட் எதுக்கு? கல்யாணம் ஆகாதவரைக்கும் ரூம் எனக்குன்னு அப்பா சொல்லியிருக்காரு. எனக்கு இன்னும் ஆகல. ஆனதும் சொல்றேன்."

ஃபாபியான் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை. ரோஸ்விதா நாப்கினை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"தாள் இருக்கா?"

அந்த மலையில் நிலப் பதிவேட்டில் ஏறாத உரிமை காற்றோடு போச்சு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். உப்புக்கும் மாவுக்கும், பக்கத்துப் பண்ணைக்காரன் கொடுத்த ஒரு கூடை பேரிக்காய்க்கும் தாள் கேட்டவள் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றியதுகூட இல்லை.

"பெர்ட்டல்" என்றாள் தம்பியைப் பார்த்து. "நீ அங்க உக்காந்திருந்த. சூப் குடிச்சிட்டிருந்த."

எங்கெல்பெர்ட் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தான். "அப்பா நிறைய சொன்னாரு, புர்கல்" என்றான்.

அக்டோபர் மூன்றாம் வாரம், விடுதியின் சாப்பாடு இயற்கை விளைச்சல்தான் என்று சான்று தரும் முத்திரைக்கான சோதனை. பத்தொன்பது வருஷமாக வருகிறவள் ப்ளாங்கர் அம்மாள்தான். அவள் வருவதற்கு முந்தின நாள் மதியம், புர்கல் நிலவறையில் ஆப்பிள்களைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கெல்பெர்ட் குனிந்து உள்ளே வந்தான். ஒரு ஆப்பிளை எடுத்தான், கடிக்கவில்லை.

"ஆகஸ்டுல அந்த வெண்ணெய். நோட்டுல இருக்கா?"

"இருக்கு. அறுபத்தொண்ணாம் பக்கம்."

ஆகஸ்டில் வீடு நிரம்பி வழிந்த வாரம் வெண்ணெய் தீர்ந்துபோய், அவன் கீழே போய்ப் பெரிய கடையில் ஒன்பது கிலோ சாதாரண வெண்ணெய் வாங்கி வந்திருந்தான். அவள் தடுத்தாள், அவன் கேட்கவில்லை. எழுதி வைத்தாள். பட்டியலில் ப்ளூமாவும் கெம்ஸும் அப்படியே இருந்தன.

"முத்திரையை ஒரு வருஷம் நிறுத்திட்டாங்கன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நான்தானே வாங்கிக் குடுத்தேன்."

"இப்ப போய் நீ காட்டினா, ரூமுக்காகப் பழி வாங்கிட்டான்னுதான் ஊர் பேசும்."

அது அவளுக்கும் தெரிந்திருந்தது. எழுதியது ஆகஸ்டில், அறைப் பேச்சு வந்தது செப்டம்பரில். ஆனால் யார் தேதி பார்க்கப் போகிறார்கள்?

"அந்தப் பக்கம் இல்லாம இருந்தா," என்று அவன் ஆப்பிளைத் தட்டில் வைத்தான், காம்பு மேலே வரும்படி, அவளுக்குப் பிடித்த மாதிரி, "ரூம் விஷயத்தை நான் பாத்துக்கறேன். ரோஸ்விதாகிட்ட நான் பேசறேன். நீ இருந்த இடத்துலயே இரு."

"நிஜமாவா?"

"கை குடு."

அவள் வாய் திறந்தாள். எழுதிக் கொடு என்று சொல்ல வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றத்தான் செய்தது. கூடப் பிறந்தவனிடம், மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்தவனிடம், தாள் கேட்பதா என்று அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவன் கை அப்பாவுடையதைப் போலவே அகலமாக, கனமாக இருந்தது.

மறுநாள் ப்ளாங்கர் அம்மாள் வழக்கம்போல அடுப்புப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். புர்கல் காபியும் கொட்டைக் கேக்கும் வைத்தாள். இத்தனை வருஷமும் நடப்பது இதுதான்: ப்ளாங்கர் அம்மாள் நோட்டைப் புரட்டுவாள், "உங்க நோட்டைப் பாத்தா எனக்கு வேலையே இல்ல" என்பாள், காபி குடித்துவிட்டு, பேருக்கு இரண்டு பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

அறுபதுக்கும் அறுபத்து மூன்றுக்கும் நடுவில் அவள் விரல் நின்றது.

"அறுபத்தொண்ணு எங்க?"

"காபி கொட்டிடுச்சு" என்றாள் புர்கல். "பிச்சுட்டேன்."

ப்ளாங்கர் அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு காபியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய், சரக்கறையில் இருந்த ஒவ்வொரு பெட்டியையும், ஒவ்வொரு சாக்கையும், உப்பு ஜாடி வரைக்கும் தானே திறந்து பார்த்தாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆகஸ்டு வெண்ணெய் எப்போதோ வயிறுகளுக்குள் போய்விட்டது. எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்தாள். வாசலில் எங்கெல்பெர்ட்டுக்குக் கை கொடுத்தாள். புர்கலுக்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

மேசையில் காபி ஆடை கட்டிப்போயிருந்தது. புர்கல் அதைக் கொட்டவில்லை. நின்றபடியே தானே குடித்தாள். எதையும் தூக்கிப் போடாத வீடு.

நவம்பர் முதல் தேதியான அனைத்துப் புனிதர் நாள் கழிந்து விடுதியை மூடிய மறு வாரம் தச்சர்கள் வந்தார்கள். புர்கல் படி இறங்கி வந்தபோது எங்கெல்பெர்ட் முற்றத்தில் அவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்தான்.

"கை குடுத்த" என்றாள்.

"பாத்துக்கறேன்னுதான் சொன்னேன், புர்கல். பாத்தேன். அவ கேக்கல." சொல்லிவிட்டுத் தச்சர்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். "பலகையைக் கீறிடாதீங்கப்பா. அது எல்லாம் அந்தக் காலத்துப் பலகை."

அவளுடைய பெட்டிகளை ஃபாபியான்தான் சுமந்தான். ஐந்து பெட்டி. நோட்டுகள் நிறைந்த ஆறாவதை அவள் அடுப்பறையிலேயே விட்டுவிட்டாள்.

"அதை எடுத்துக்கலையா அத்தை?"

"வீட்டோட நோட்டு அது. வீட்டுலயே இருக்கட்டும்."

"ரொட்டிக்கு வருவீங்கல்ல? காலையில நான் வண்டி அனுப்பறேன்."

"அறுபத்து மூணு வயசு வரைக்கும் வாசல்ல நிக்கிற பஸ் இல்லாம இருந்துட்டேன்" என்றாள். "இனிமே அது போறதையும் வர்றதையும் உக்காந்து பாக்கறேன்."

அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான். காலையில் வண்டி வந்தது, இரண்டு தரம் ஒலி எழுப்பியது, திரும்பிப் போனது. மூன்றாம் நாளோடு வருவது நின்றது. கிறிஸ்துமஸிலிருந்து டானெக்குக்கு ரொட்டி மெரானிலிருந்து வருகிறது. தாளோடுதான்.

மார்ச்சில் டானெக்கின் புது விளம்பரப் புத்தகம் தபாலில் வந்தது. பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுப் பெட்டியிலும் போட்டிருந்தார்கள், அவளுடையதிலும். லிப்டில் ஏறும்போதே பிரித்தாள். பதினான்காம் பக்கத்தில் அவளுடைய ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே தொட்டி. மேலே கொட்டை எழுத்தில்: "நோட்புர்கா அறை." அதன் கீழே: "1934-ல் எங்கள் காட்டில் வெட்டிய மலைப் பைன். இந்த அறையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் பிறந்த இடம் தெரியும்."

மேசையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். மரம் வெட்டியது முப்பத்தொன்றில். கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் தாத்தா கத்தியால் செதுக்கியிருந்தார். அவள் எண் படிக்கப் பழகியதே அதில்தான். பென்சிலை எடுத்து நான்கை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள்.

பழைய காகிதம் போடும் கூடை காலடியில்தான் இருந்தது. புத்தகத்தை அவள் அதில் போடவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, அடையாள அட்டைக்கும் தேவாலயச் சான்றுக்கும் கீழே வைத்தாள். டானெக்கிலிருந்து அவள் பெயர் போட்டு அவளுக்கு வந்த முதல் தாள் அது.