ஆரன் அடிக்காமல்

குருபரப்பள்ளியில் பஸ் நிற்கிறது. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். புளியமரத்தடியில் வேகவைத்த வேர்க்கடலை விற்பவள் எனக்குப் படியில் அளந்துகொண்டிருக்கிறாள். எங்கோ ஒரு லாரி ஆரன் அடிக்கிறது. படியை அப்படியே போட்டுவிட்டுத் தார்ரோட்டுக்கு ஓடுகிறாள். லாரி கடந்து போனபிறகு திரும்பி வந்து, சிந்திய கடலையைப் பொறுக்குகிறாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எங்க ஊட்டுக்காரரு சந்தைக்குப் போயிட்டு வரப்போ வண்டியிலயே தூங்கிடுவாருங்க. இங்க எல்லாருமே அப்படித்தான். மாடுங்களே ஊடு கொண்டாந்து சேர்த்துடும். லாரிங்க ஓட ஆரம்பிச்சப்புறமும் அப்படியேதான் தூங்கினாரு. அன்னிக்கு அந்த ஆரன் எனக்குக் கேட்டுச்சு, ஊருக்கே கேட்டுச்சு. அவரு காதுல மட்டும் ஏறலைங்க."

பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "உங்க டிரைவரை ஆரன் அடிக்காமப் போகச் சொல்றீங்களா?" என்கிறாள்.

சொல்கிறேன். டிரைவர் நல்ல மனிதர். கையைத் தட்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் பஸ்ஸை எடுக்கிறார். ஏதோ தர்மம் செய்துவிட்ட நிம்மதி எனக்கு.

ஒரு பர்லாங்குகூடத் தாண்டவில்லை. நடுரோட்டில் ஒரு கட்டைவண்டி வருகிறது. மாடுகள் தாமாக நடக்கின்றன. சாக்குகளின் மேல் ஒருவன் வாயைப் பிளந்து தூங்குகிறான். டிரைவர் பிரேக்கை மிதித்தபடி என்னைப் பார்க்கிறார்.

"அடிங்க" என்கிறேன்.

ஆரன் அலறுகிறது. மறுபடியும், மறுபடியும். வெகுநேரம் கழித்துத்தான் அவன் தலையைத் தூக்குகிறான்.

புளியமரம் இன்னும் கண்ணுக்கெட்டும் தூரம்தான். அவள் ரோட்டுக்கு ஓடி வந்திருப்பாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.